இருட்டைக் கட்ட 18 நாள், விளக்கு மாட்ட ஒரு மணி நேரம்

சென்னையில் ஒரு பழைய வீட்டைக் கேலரியாக்கி நடத்துகிறவர்கள் தீபாவளி சமயத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். மூன்று ஆர்கிடெக்ட் ஆபீஸ்களுக்கு ஆளுக்கொரு அறை, கட்டிட மாடலோ வரைபடமோ வைக்கக் கூடாது, வெளிச்சத்தை வைத்து ஏதாவது செய்ய வேண்டும், தை பிறந்ததும் திறப்பு. நாங்கள் வீடும் கிளினிக்கும் கட்டுகிற சின்ன ஆபீஸ். நான், என் பார்ட்னர், ஒரு ஜூனியர் பெண். இப்படி ஒரு வேலையை அதற்கு முன் தொட்டதே இல்லை. அடுத்து இதில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று, நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எதைச் செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. புதுக்கோட்டைப் பக்கம் அப்பத்தா வீட்டுக் கொல்லையில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. மத்தியானம் அதற்குள் போய்ப் படுத்தால் தரையெல்லாம் காசு காசாக வெயில் கிடக்கும். கையை நீட்டினால் உள்ளங்கையில் ஒரு காசு வந்து உட்காரும், பிடிக்கலாம் என்று மூடினால் விரல் மேல் ஏறிக்கொள்ளும். கூரையில் ஒரு ஓட்டைகூட வட்டமாக இருக்காது, கீற்று இற்றுப்போன இடம் கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும், ஆனால் கீழே விழுவது அத்தனையும் வட்டம். ஏன் என்று அந்த வயதில் நான் கேட்டதில்லை.

ஓட்டை சின்னதாகவும் தரை போதிய தூரத்திலும் இருந்தால் கீழே விழுவது சூரியனின் படம். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு ஊசித்துளை கேமரா, அதாவது லென்ஸ் இல்லாமல் வெறும் துளையாலேயே எதிரில் இருப்பதன் படத்தைப் போடுவது. பிரம்புப் பின்னலின் சதுர இடைவெளி வழியாக வரும் வெயில் ஏன் வட்டமாக விழுகிறது என்ற கேள்வி அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் பழைய கேள்வித் தொகுப்பிலேயே இருக்கிறது; கிரகணத்தின்போது துளை வழியே விழும் பிறை வடிவத்தைப் பற்றி அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் 11-ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதியிருக்கிறார். 2019 டிசம்பர் 26 காலை வளையச் சூரிய கிரகணம் வந்தபோது நான் திண்டுக்கல்லில் சித்தி வீட்டு வாசலில் நின்றிருந்தேன். வேப்பமரத்தடியில் இலை இடுக்குகளில் இருந்து விழுந்தது எல்லாம் வளையல் வளையலாக இருந்தது. அன்றைக்கே இதை ஒருநாள் எங்காவது செய்ய வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

முதல் தப்பு கம்ப்யூட்டரில் ஆரம்பித்தது. ஜூனியர் பெண் அருமையாக ஒரு ரெண்டர், நிஜம் போலவே தெரியும் கம்ப்யூட்டர் படம், போட்டாள். கீற்றுக் கூரை, அதில் இருந்து சாய்வாக இறங்கும் ஒளிக்கற்றைகள், தரையில் வட்டங்கள். கேலரியில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஆனால் அந்தப் படத்தில் இருந்த பாதி விஷயம் நிஜத்தில் கிடைக்காது. காற்றில் தூசியோ புகையோ இல்லாவிட்டால் கற்றை கண்ணுக்குத் தெரியாது. அப்பத்தா கொட்டகையில் தெரிந்தது என்றால் பக்கத்தில் அடுப்பு எரிந்தது, வைக்கோல் தூசி பறந்தது. 2003-இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் பெரிய செயற்கைச் சூரியனை வைத்தபோது மண்டபத்துக்குள் மெல்லிய பனிப்புகையை விட்டுக்கொண்டே இருந்தார், வெளிச்சம் காற்றில் தங்கியதற்கு அதுதான் காரணம். எங்கள் ஹாலில் புகை உணரும் அலாரம் இருந்தது. அதை நிறுத்தி வைக்கச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. கற்றையை விட்டுவிட்டோம்.

கீற்றையும் விட்டோம். மூடிய ஹாலுக்குள், சூடாகும் விளக்குக்குக் கீழே, காய்ந்த தென்னங்கீற்று கூடாது என்று கேலரியில் தீர்மானமாகச் சொன்னார்கள். 2004-இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் போனதற்குப் பிறகு இந்த ஊரில் கீற்றுக்காக யாரும் வாதாட முடியாது, வாதாடவும் கூடாது. 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு என்று முடிவாயிற்று. பழைய கீற்று ஒன்றை வெயிலில் பிடித்துப் படம் எடுத்து, அதில் இருந்த ஓட்டைகளின் வடிவத்தையே வரைந்து, லேசர் கட்டிங் பட்டறையில் கொடுத்து வெட்டினோம். எந்த ஓட்டையும் 5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டோம்.

இங்கேதான் எனக்கு இந்த வேலையில் கிடைத்த மிகப் பெரிய பாடம் வருகிறது. ஒரு ராத்திரி ஆபீஸ் கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு ஏணிக்கு நடுவே தகட்டைக் கட்டி, அதற்கு மேலே கடையில் வாங்கிய 50 வாட் எல்இடி ஃபிளட் லைட்டைத் தொங்கவிட்டு, கீழே ஒரு பழைய போர்வையை விரித்துப் போட்டுப் பார்த்தோம். போர்வை முழுக்கச் சதுரம் சதுரமாக வெளிச்சம். ஓட்டைகள் கோணலாக இருக்கின்றன, விழுவது மட்டும் கச்சிதமான சதுரம். ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் என் பார்ட்னர் விளக்கை அணைத்து அதன் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்த எல்இடி சில்லு ஒரு மஞ்சள் சதுரம். விளக்கின் படம் விழுகிறது, விளக்கு சதுரம், ஆகவே சதுரம். வட்டமான ஒளிப்பரப்பு உள்ள சில்லு, கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் விட்டம், தேடி வாங்கினோம். முன்னால் இருந்த லென்சையும் ரிஃப்ளெக்டரையும் கழற்றினோம், ஏனென்றால் அவையும் தங்கள் படத்தைப் போடும். அந்தப் போர்வையும் ஏணியும் இல்லாமல் நேரே கேலரிக்குப் போயிருந்தால் திறப்புக்கு முதல் நாள்தான் இது தெரிந்திருக்கும். ரெண்டரில் ஒரு நாளும் தெரிந்திருக்காது, ரெண்டரில் நாம் வட்டம் என்று நினைத்து வட்டத்தை வரைந்து வைத்திருப்போம். வெளிச்சத்தை வைத்து எதைச் செய்தாலும் நிஜ அளவில், நிஜ விளக்கில், ராத்திரியில் செய்து பாருங்கள். அட்டையும் போர்வையும் போதும்.

கணக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சூரியன் வெகு தூரத்தில் இருப்பதால் அங்கே கணக்கு சுலபம்: ஓட்டையில் இருந்து தரை வரை உள்ள உயரத்தை ஏறத்தாழ 108-ஆல் வகுத்தால் வட்டத்தின் அகலம் வந்துவிடும். விளக்கு பக்கத்தில் இருந்தால் கதை வேறு. எங்கள் விளக்கு தகட்டுக்கு 70 சென்டிமீட்டர் மேலே, தகடு தரைக்கு இரண்டரை மீட்டர் மேலே. 2 சென்டிமீட்டர் சில்லு தரையில் 7 சென்டிமீட்டர் வட்டமாகிறது, அப்பளத்தில் பாதி அளவு. இன்னொன்று, பக்கத்து விளக்கில் இருந்து ஒளி விரிந்துகொண்டே வருவதால் 1.8 மீட்டருக்கு 1.2 மீட்டர் தகடே 9 மீட்டருக்கு 6 மீட்டர் ஹாலில் சுவரோரம் வரை நிரப்பிவிட்டது. முதலில் ஹால் முழுக்கக் கூரை போடுவதாக இருந்தோம், அந்தச் செலவு மிச்சம். விளக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு வைத்தால் ஒவ்வொரு ஓட்டையும் இரண்டு வட்டம் போடும், வெளிச்சம் கூடினாலும் அது வெயில் மாதிரி இருக்காது.

சரி, இனி இருட்டு.

ஒரு வட்டத்தின் வெளிச்சத்தை லக்ஸ் மீட்டர் வைத்துப் பார்த்தால் 15 பக்கம்தான் வந்தது. வெளியே தெருவில் மத்தியான வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். அதில் நடந்து வந்த கண்ணுக்கு 15 லக்ஸ் எதற்கும் காணாது. விளக்கின் சக்தியைக் கூட்டலாமே என்று முதலில் எங்களுக்கும் தோன்றியது, கூட்டியும் பார்த்தோம், வட்டத்தோடு சேர்ந்து ஹாலும் வெளுத்தது. தகட்டின் ஓட்டைகள் முதலில் 1,100. அத்தனை வட்டம் விழுந்ததில் தரையே வெளிச்சமாகி, அது சுவரில் பட்டுத் திரும்பி, எல்லாம் சாம்பல் நிறமாயிற்று. அலுமினிய டேப் போட்டு ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தோம், 340-இல் நிறுத்தினோம். அடைக்க அடைக்க மிச்சமிருந்த வட்டங்கள் ஒளிர்ந்ததைப் பார்த்த அந்த மூன்று மணி நேரத்தில்தான், நாங்கள் கட்ட வேண்டியது எது என்று எனக்கு உறைத்தது.

அப்போதிருந்து திறப்பு வரை 18 நாள். அத்தனை நாளும் இருட்டு வேலை. விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் இடத்தை ஒரு பெட்டியாக மூடினோம், இல்லாவிட்டால் வெளிச்சம் வெள்ளைக் கூரையில் பட்டு, கூரையே ஒரு பெரிய விளக்காகி எல்லா ஓட்டை வழியாகவும் மங்கலாக வழியும். பெட்டியின் உட்பக்கம் கறுப்பு. மூடிய கறுப்புப் பெட்டிக்குள் 50 வாட் எரிந்தால் சூடு எங்கே போகும்? முதல் சோதனையில் மூன்று மணி நேரத்தில் விளக்கு தானாக அணைந்தது. விளக்கின் சூட்டை இழுத்து வெளியே விடும் ஹீட் சிங்க்கைப் பெட்டிக்கு வெளியே மேல்பக்கம் எடுத்தோம், பக்கவாட்டில் காற்று போகவும் வெளிச்சம் போகாமலும் வளைந்து வளைந்து செல்லும் வழி வைத்தோம். ஃபேன் வைக்கவில்லை, அவ்வளவு அமைதியான அறையில் சின்ன ஃபேன் சத்தம்கூடக் காதில் ஏறும்.

கட்டிடம் பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்துக்கு மேலே செங்கல்லைக் குத்தி அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய கூரை. அதில் டிரில் வைத்துப் போல்ட் அடித்தால் செங்கல் உதிரும், பிடிமானமும் இருக்காது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழைத்துக் காட்டி, உத்திரத்தைச் சுற்றிக் கிளாம்ப் போட்டு, நடுவில் ரப்பர் கொடுத்து, அதில் இருந்து தொங்கவிட்டோம். மொத்த எடை 40 கிலோவுக்குள் அடங்கியது. பழைய வீடுகளில் வேலை செய்கிறவர்கள் இதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும், எங்கள் தகட்டின் அளவே இதனால் ஒருமுறை மாறியது.

சுவருக்குக் கறுப்பு அடிக்கச் சொன்னோம். பெயிண்டர் நல்ல வேலைக்காரர், கழுவக்கூடிய வகையாக, லேசாகப் பளபளக்கும் கறுப்பை அடித்துக் கொடுத்தார். பகலில் அழகாக இருந்தது, ராத்திரி ஒவ்வொரு வட்டத்தின் பிரதிபலிப்பும் சுவரில் மினுங்கியது. தப்பு எங்களுடையதுதான், "கறுப்பு" என்று மட்டும் சொல்லியிருந்தோம். பளபளப்பில்லாத டிஸ்டெம்பரில் கறுப்புக் கலந்து மறுபடி இரண்டு கோட். தரை அதைவிட மோசம்: பளபளக்கும் டைல்ஸ். பளபளக்கும் பரப்பில் வட்டம் விழாது, அதில் கூரையில் உள்ள ஓட்டைகள்தான் பிரதிபலிக்கும். சொரசொரப்பான, வெளிறிய தரை வேண்டும். ஈரோட்டில் இருந்து வெளுக்காத காடா துணி எடுத்து, ஓரம் மடிந்து யாரும் தடுக்கி விழாதபடி இருபக்க டேப்பால் இழுத்து ஒட்டினோம். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று வைத்தோம். அப்படியும் நான்காம் நாளே பாதத்தடம் பழுப்பேறியது. இன்னொரு செட் துணி கைவசம் இருந்ததால் தப்பித்தோம்.

அப்புறம் குட்டி வெளிச்சங்கள். ஏசியில் ஒரு பச்சைப் புள்ளி, சுவிட்ச் போர்டில் ஒரு சிவப்புப் புள்ளி, கதவுக்கு அடியில் ஒரு விரற்கடை இடைவெளி, ஜன்னல் மரச்சட்டத்தில் கரையான் அரித்த துளை (அந்தத் துளை காலை ஒன்பது மணிக்கு எதிர்ச்சுவரில் தெருவையே தலைகீழாகப் போட்டது, அதை அடைக்க எனக்கு உண்மையில் மனம் வரவில்லை). இவற்றையெல்லாம் கறுப்பு டேப்பால் மூடினோம். வெளியேறும் வழிப் பலகையை மட்டும் தொடவில்லை. அதை மூடலாமே என்று ஒரு யோசனை வந்தது, அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. இருட்டில் நூறு பேரை நிறுத்துகிறவர் வெளியே போகும் வழியை மறைக்கக் கூடாது. பலகைக்குக் கீழே ஒரு முழ அகலத்தில் கறுப்புத் தகடு ஒன்றை நீட்டினோம், அறையில் எங்கே நின்றாலும் பலகை தெரியும், அதன் பச்சை மட்டும் தரையில் விழாது.

இருட்டில் ஆட்களை விடும்போது இன்னொரு கவனமும் வேண்டும். 1980-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் வெளிச்சத்தையே கலையாக்கும் ஜேம்ஸ் டரலின் ஒளியறையில் ஒருவர் வெறும் வெளிச்சத்தைச் சுவர் என்று நம்பிச் சாய்ந்து, விழுந்து அடிபட்டு, அது வழக்கு வரை போனது. நாங்கள் சுவரோரமாக இடுப்பு உயரத்தில் தடித்த கயிறு ஒன்றை ஓடவிட்டோம். வயதானவர்கள் அத்தனை பேரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள்.

எங்கள் தொழில் எங்களுக்கு மெய்யாகவே கைகொடுத்த இடம் நுழைவழி. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும், ஆனால் முதல் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே நிறைய வித்தியாசம் தெரியும். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தை வருகிறவர்களிடம் இருந்து எப்படி வாங்குவது? பெரிய கோயில்களில் இதைத்தானே செய்து வைத்திருக்கிறார்கள். கோபுர வாசல் வெயிலில் இருந்து பிராகாரம், மண்டபம், அர்த்தமண்டபம் என்று ஒவ்வொரு நிலையிலும் வெளிச்சம் இறங்கிக்கொண்டே போகும், கருவறைக்கு முன் நிற்கும்போது ஒரு எண்ணெய் விளக்கே போதும். கண்ணை அந்த விளக்குக்குத் தயார் செய்வது நடைதான். நாங்கள் பிளைவுட்டில் நான்கரை மீட்டர் நீளத்தில் இரண்டு முறை திரும்பும் ஒரு நடை கட்டினோம், தொடக்கத்தில் 100 லக்ஸ், திருப்பத்தில் 20, கடைசியில் 5. முதலில் ஜனங்கள் அதை அரை நிமிடத்தில் கடந்துவிட்டார்கள். இரண்டாவது திருப்பத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, எதிரே கொட்டகை பற்றி நான்கு பத்தி எழுதி, படிக்க மட்டும் போதுமான மங்கல் வெளிச்சம் வைத்தோம். எல்லாரும் உட்கார்ந்து படித்தார்கள். படித்து முடிப்பதற்குள் கண் தயார். செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது இந்தப் பெஞ்ச்தான்.

சோதனைக்குத் தொங்கவிட்டதை விட்டால், விளக்கை நிலையாக மாட்டியது கடைசி நாள் சாயங்காலம், ஒரு மணி நேர வேலை.

திறந்த பிறகு வந்த சிக்கல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போன் கேமராவில் பார்த்தால் வட்டங்களில் கோடு கோடாக ஓடியது; விளக்குக்கு மின்சாரம் கொடுத்து மங்கலாக்கும் டிரைவர் என்ற கருவி விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுவதால் வருவது அது, கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். மின்னோட்டத்தையே குறைத்து மங்கலாக்கும் வகையை வாங்கி மாற்றினோம், முதலிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏறும் வரை அறை கும்மிருட்டானது, மறுநாளே ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தோம். காலையில் யார் விளக்கைப் போடுவது, எந்த வரிசையில், மாலையில் யார் துணியைப் பெருக்குவது என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டியது முதல் வாரம் கழித்துத்தான். மாற்று விளக்கு ஒன்றும் மாற்று டிரைவர் ஒன்றும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இருட்டுக்கு ஆன பணம் விளக்குக்கு ஆனதைப் போலப் பல மடங்கு, பட்ஜெட் எழுதும்போது நாங்கள் அதை நேர்மாறாக எழுதியிருந்தோம்.

இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம் கூட்டம் போன பிறகு நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். கேலரி வாட்ச்மேன் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்க்க வந்தவர் நின்றார். செய்யாறு பக்கத்துக்காரர், அறுபது தாண்டியவர். தரையைப் பார்த்துவிட்டு, மேலே பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுல ஆடிக் கடைசியில உச்சி வெயில் நேரத்துல அம்மா உள்ள வந்து நிப்பாங்க சார். காசு விழுற எடத்துல எல்லாம் கரிக்கோடு போட்டு வைப்பாங்க. அதுக்கு நேர் மேலதான் ஓட்டை. ஐப்பசி மழைக்கு முன்னாடி அப்பா ஏறி அடைக்கணும். அடைக்க முடியாம விட்டது எதுன்னு பாத்து ராத்திரி அங்க பாத்திரம் வைப்போம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு விளையாட்டாக இருந்த காசு அவர் வீட்டில் ஒழுகும் இடத்தின் கணக்கு. கொட்டகையில் மத்தியானம் படுத்து எழுந்து ஓட்டு வீட்டுக்குத் தூங்கப் போன பிள்ளை நான். பெஞ்சுக்கு எதிரே எழுதியிருந்த நான்கு பத்திகளை அன்று ராத்திரி எடுத்துவிட்டேன், அவரிடம் கேட்டுக்கொண்டு அவர் சொன்னதை, பெயர் போடாமல், அவர் சொன்ன வார்த்தைகளிலேயே வைத்தேன். அதற்குப் பிறகு உள்ளே வந்தவர்கள் வட்டத்தைப் பார்த்ததும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் அப்படி யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஏன் ஆடிக் கடைசி என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். வருஷத்தில் இரண்டே நாள், ஏப்ரல் 24-உம் ஆகஸ்ட் 18-உம், நடுப்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும், செய்யாறுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பின். மற்ற மாதங்களில் வெயில் சாய்வாக வரும், வட்டம் விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. சித்திரையை விட்டால் ஆடி முடிகிற சமயத்தில், அதுவும் உச்சியில் மட்டும்தான் வட்டத்துக்கு நேர் மேலே ஓட்டை வரும். அந்த அம்மாவுக்கு நாளும் நேரமும் சரியாகத் தெரிந்திருக்கிறது.

கண்காட்சி முடிந்து தகட்டைக் கழற்றி ஆபீஸ் மொட்டை மாடிக்கு ஏற்றினோம். ஏப்ரல் 24 அன்று அதை 8 அடி உயரத்தில் நான்கு சவுக்குக் கம்பத்தில் கட்டி, கீழே மிச்சமிருந்த காடா துணியை விரித்தோம். விளக்கும் இல்லை, பெட்டியும் இல்லை. வாட்ச்மேனை அழைத்திருந்தேன், வந்தார். பன்னிரண்டு தாண்டி ஏழெட்டு நிமிடம் இருக்கும், ஒரு ஓட்டையில் இருந்து தூக்குக்குண்டை இறக்கினோம். நூல் ஆடி நின்றது, குண்டின் முனை வட்டத்தின் நடுவில் நின்றது. அளந்தால் வட்டம் இரண்டரை சென்டிமீட்டர் பக்கம், கணக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் கூட, ஓரம் மங்கலாக இருந்ததால் வந்த வித்தியாசம். அவர் சட்டைப் பையில் இருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார், கையோடு கொண்டுவந்திருக்கிறார். குனிந்து, துணியில், அந்த வட்டத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார். அப்புறம் அடுத்த வட்டத்துக்குப் போனார்.